முதல் ஈட்டைப் பிட்டுப் பாருங்கள்

களத்துமேட்டுக் கடிதங்கள்

"ஐயா, எங்களுக்குத் திருச்சுழி பக்கம் கரிசல்காட்டுக் கிராமம். எங்கள் மகளிர் குழுவில் 14 பேர் இருக்கிறோம். எல்லார் காட்டிலும் குதிரைவாலி விளைகிறது. வியாபாரி களத்துக்கே வந்து, அவர் சொல்லும் விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறார். அதே குதிரைவாலி அரிசியாகி, பாக்கெட்டில் ஏறி, மதுரைக் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இனி நாமே அரைத்து விற்பது என்று முடிவு எடுத்துவிட்டோம். அரிசி, ரவை, தோசை மாவு, சத்துமாவு, பொங்கல் மிக்ஸ், முறுக்கு, லட்டு என்று ஏழு பொருள். உமி நீக்கும் மெஷின், கல் பிரிக்கும் மெஷின், மாவு மெஷின் எல்லாம் சேர்த்து 8 லட்சம் ஆகும் என்கிறார்கள். மானியம் உண்டாம். மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, பற்றாததற்கு ஆளுக்குக் கொஞ்சம் நகையை வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கவர் 5,000 அச்சடிக்க முன்பணம் கொடுக்கப் போகிறோம். எந்த மெஷின் நல்லது என்று எழுதுங்கள்."

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார் இந்தச் சகோதரி. போடவில்லை.

அம்மா, எந்த மெஷின் என்ற கேள்விக்கு இந்த இதழில் பதில் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். புரட்டாசியில் விதைப்பதற்கு முன்னால் நாம் விதையை என்ன செய்கிறோம்? நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். இட்லி ஊற்றினால் முதல் ஈட்டில் ஒன்றைப் பிட்டு வாயில் போடுகிறோம். உப்பு போதவில்லை என்றால் மீதி மாவில் சேர்க்கிறோம். குண்டான் மாவையும் ஊற்றி இறக்கிவிட்டு அப்புறம் ருசி பார்க்கிற வீடு எதுவும் கிடையாது. தொழில் என்று வந்ததும் மட்டும் இந்தப் புத்தி எங்கேயோ போய்விடுகிறது. ஒரு பாக்கெட்கூட விற்பதற்கு முன்னால் மெஷின், கடன், ஐயாயிரம் கவர்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பிரதம மந்திரியின் பெயரில் 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மானியம் 35 சதவீதம். உச்சவரம்பு 10 லட்சம். உங்கள் 8 லட்சத்துக்கு 2,80,000 வரும். மீதி 5,20,000. பதினாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 37,000 ரூபாய்க்கு மேல். மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அந்த 35 மட்டும்தான் காதில் விழுகிறது. 65 விழுவதில்லை.

நானும் விழுந்து எழுந்தவன்தான். பல வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மல்லித்தூள் போட்டோம். நம் காட்டு மல்லி, வாசத்துக்குக் கேட்க வேண்டுமா? அரைக் கிலோ கவர் பத்தாயிரம் அச்சடித்தோம். மொத்தமாக அடித்தால் கவருக்கு இத்தனை பைசா குறையும் என்று கணக்குப் போட்டவன் நான். கடைக்காரர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஐம்பது கிராம் பாக்கெட் இல்லையா?" கூலி வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் சாமான் வாங்குகிற வீடுகள், அரைக் கிலோ தூளை ஒரே நேரத்தில் வாங்காது. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குப் பத்தாயிரம் கவர் செலவானது. பத்துக் கவரில் தெரிந்திருக்க வேண்டியது. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கவர்கள் இருக்கின்றன. வீட்டம்மா அவரை விதையும் சுரை விதையும் அதில்தான் போட்டு வைக்கிறாள். யாராவது கேட்டால் என்னைக் கை காட்டுவாள்.

பெரிய கம்பெனிகளில் இந்த விஷயத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒன்று 'லீன்', இன்னொன்று 'அஜைல்'. லீன் என்றால் சதை தொங்காத உடம்பு மாதிரி. தேவையில்லாத சரக்கு, தேவையில்லாத காத்திருப்பு, தேவையில்லாத அலைச்சல் இல்லாமல் வேலை செய்வது. அஜைல் என்றால் சட்டென்று திரும்பக்கூடிய சுறுசுறுப்பு. 2001-ல் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மலையூர் ஒன்றில் கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுகிற 17 பேர் கூடி, இனி இப்படித்தான் வேலை செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தார்கள். வருஷக்கணக்கில் எழுதிக் கடைசியில் கொடுத்தால், கேட்டவர் "நான் கேட்டது இது இல்லையே" என்கிறார். அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை ஓடக்கூடியதாகக் கொஞ்சம் செய்து, அவர் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவது என்றார்கள். பலர் இதற்கு இரண்டு வாரக் கெடு வைத்துக்கொள்கிறார்கள். நம் பத்திரிகை வருகிற கணக்குத்தான்.

லீன் கதை தறியில் தொடங்குகிறது. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒருவர், தச்சர் மகன். அம்மா தறியில் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் தறியைச் சீர்செய்யக் கிளம்பினார் என்று சொல்வார்கள். 1924-ல் அவர் கொண்டுவந்த தானியங்கித் தறியின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த இழையோடு ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கெஜக்கணக்கில் பழுதுத் துணி. அதை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தானே நிற்கிற தறி என்றால் ஓர் ஆள் பல தறிகளைக் கவனிக்கலாம். இந்தத் தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி வாங்கியது. மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார். 1937-ல் டொயோட்டா கார் கம்பெனி பிறந்தது.

கார்த் தொழிற்சாலையிலும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வேலை நடக்கிற வரிசை நெடுக ஒரு கயிறு ஓடும். கடைசித் தொழிலாளி ஒரு திருகாணி சரியில்லை என்று பார்த்தாலும் கயிற்றை இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவார். சரிசெய்ய முடியவில்லை என்றால் வரிசையே நின்றுவிடும். இழுத்தவரைத் திட்டக் கூடாது.

உங்கள் குழுவுக்கு வருவோம். பாக்கெட் போடும்போது அரிசியில் ஒரு கல் கண்ணில் படுகிறது. பார்த்தது குழுவிலேயே சின்னவள், போன வருஷம் கல்யாணமாகி வந்த மருமகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாய் திறப்பாளா? தலைவி என்ன சொல்வாரோ, மாமியார் என்ன நினைப்பாரோ என்று பொறுக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். வாங்கினவர் பல்லில் அடுத்த கல் கடிபடும்போது உங்களுக்குத் தெரியவரும். தெரியவரும் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் அடுத்த தடவை வாங்க மாட்டார், அவ்வளவுதான். யார் கல்லைப் பார்த்தாலும் "நிறுத்துங்க" என்று சொல்லலாம், சொன்னால் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும் என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

நிறுத்திய பிறகு "ஏன்" என்று கேளுங்கள். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் ஐந்து முறை கேட்கச் சொல்வார். கல் ஏன் வந்தது? தானியத்திலேயே இருந்தது. ஏன்? காயப்போட்ட இடத்தில் சேர்ந்தது. எங்கே காயப்போட்டோம்? தார் ரோட்டில். ஏன்? களத்தில் இடமில்லை, தார்ப்பாயும் இல்லை. ஆக, முதல் மருந்து தார்ப்பாய். கல் பிரிக்கும் மெஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலத்தில் அடைக்கக்கூடிய ஓட்டையை மெஷின் வாங்கி அடைக்க வேண்டாம் என்கிறேன். யார் போட்ட தானியத்தில் கல் என்று ஆள் தேடத் தொடங்கினால் ஐந்தாவது "ஏன்" வரைக்கும் போகவே முடியாது; இரண்டாவதிலேயே சண்டை வந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. ஏழு பொருளில் ஆறைத் தள்ளி வையுங்கள். அரிசி மட்டும். பக்கத்தில் சிறுதானியம் அரைத்துக் கொடுப்பவர் யார் என்று விசாரித்து, ஒரு மூட்டையைக் கூலிக்குக் கொடுத்து உமி நீக்கிக்கொள்ளுங்கள். மில்லுக்குப் போகும் முன் எடை, வந்த பின் எடை. அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு, உமி எவ்வளவு என்று தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள். அடுத்தவர் சொல்லும் கணக்கு வேண்டாம், உங்கள் காட்டுத் தானியத்துக்கு உங்கள் கணக்குத்தான். அரைக் கிலோவில் கொஞ்சம், ஒரு கிலோவில் கொஞ்சம் போடுங்கள். கவர் சாதாரணக் கவர். மேலே ஒட்டும் சீட்டு போதும். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்பனைக்கு இறங்காதீர்கள். சிறு அளவில் செய்பவர்களுக்கான பதிவுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாக்கெட்டுகளை யாருக்குக் கொடுப்பது? சொந்தக்காரருக்கு வேண்டாம். சம்பந்தி வீட்டில் "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு சொல் வராது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் இந்தப் பாட்டை நன்றாகப் பட்டவர். 1998-ல் கல்யாணமான புதிதில், மனைவி மாதவிடாய்க்குப் பழைய துணி பயன்படுத்துவதைப் பார்த்து, குறைந்த விலையில் நாப்கின் செய்யப் புறப்பட்டார். பஞ்சில் செய்த முதல் நாப்கினை மனைவியே வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொரு தடவையும் கருத்துக் கேட்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவிகள் இருபது பேரிடம் கொடுத்து, படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். வாங்கப் போன அன்று பார்த்தால், மூன்றே பேர் உட்கார்ந்து இருபது படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்! அதை நம்பி மெஷின் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறகு கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். ஊர் சிரித்தது, வீட்டைவிட்டுப் பிரிந்து இருந்தார். உள்ளே வைப்பது பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மெஷின் அதற்குப் பிறகு வந்தது. 2016-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஆகவே, முகம் தெரியாத பத்து வீட்டுக்குக் காசுக்கு விற்றுப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்தால் குறை சொல்ல மாட்டார்கள். பத்து நாள் கழித்துப் போங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "கவர் காலியாகிவிட்டதா? என்ன சமைத்தீர்கள்? எவ்வளவு தண்ணீர் வைத்தீர்கள்? யார் சாப்பிடவில்லை?" என்று கேளுங்கள். கவர் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தால், வாய் என்ன சொன்னாலும் அதுதான் பதில். குதிரைவாலிச் சோறு குழைந்துவிட்டது என்று நாலு வீட்டில் சொன்னால் குறை அரிசியில் இருக்காது. எவ்வளவு தண்ணீர் என்று நீங்கள் சீட்டில் எழுதவில்லை. அடுத்த ஈட்டில் எழுதுங்கள். கடைசியாக, "இன்னொரு கிலோ இப்போது தரட்டுமா?" என்று பையிலிருந்து எடுங்கள். காசு எடுக்க உள்ளே போகிறவர்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

சரக்கு தேக்காதீர்கள். உமியோடு இருக்கும்வரை குதிரைவாலியை நன்றாகக் காயவைத்துக் குதிரில் போட்டால் நெடுநாள் கிடக்கும். உமி நீங்கியதும் கதை வேறு. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் காறும், வண்டும் வரும். மாவாக்கினால் இன்னும் சீக்கிரம். அடுத்த பதினைந்து நாளில் விற்கக்கூடியதை மட்டும் அரையுங்கள். ஓனோ தன் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்க மளிகைக் கடை. அலமாரியில் வாங்குபவர் எதை எடுத்தாரோ அதை மட்டும் திரும்ப நிரப்புவது. கடையில் பத்துப் பாக்கெட் போனால் பத்துதான் அரைக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரக்கே வைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற லீன் வாத்தியார்கள் இருக்கிறார்கள். அது மழை நம் பேச்சைக் கேட்கிற ஊருக்குச் சரி. 2011 நிலநடுக்கத்தில் உதிரிபாகம் வராமல் தவித்த டொயோட்டாவே, அதற்குப் பிறகு கிடைக்காமல் போகக்கூடிய சில பாகங்களைக் கையிருப்பு வைக்கும் வழக்கத்துக்கு வந்தது. நம்முடையது வானம் பார்த்த பூமி. விதையும் ஒரு வருஷத் தானியமும் குதிரில் இருக்கட்டும். தேங்கக் கூடாது என்று நான் சொல்வது அரைத்த அரிசியும் அச்சடித்த கவரும்தான். இன்னொன்று: 'வீணைக் குறைப்பது' என்று சொல்லிக்கொண்டு பாக்கெட் போடுகிற பெண்களின் கூலியைக் குறைக்கிற இடங்களும் உண்டு. அதற்கு வேறு பெயர்.

அப்படியானால் மெஷின் எப்போது? அதே வீடுகள் மூன்றாவது தடவை கேட்டு வாங்கும்போது, கூலி மில்லில் உங்கள் முறை வராமல் விற்பனை தடைபடும்போது. அப்போதும் முதலில் உமி நீக்கும் மெஷின் மட்டும். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். குதிரைவாலி மணி சின்னது, உமி கெட்டி. இதற்கென்று மெஷினைச் சீராக்க மதுரை தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டியிருந்தது. உங்கள் காட்டுத் தானியத்தில் ஒரு மூட்டையைக் கொண்டுபோய், உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லி, எடை போட்டுப் பாருங்கள். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே போய்ப் பேசுங்கள். நகை அதுவரை பெட்டியில் இருக்கட்டும். கவர்க்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள். மூன்றாவது ஈடு விற்று முடிந்ததும் நோட்டைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். எந்த மெஷின் என்ற கேள்விக்கு அப்போது பதில் சொல்கிறேன்.

காரியாபட்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருப்பதும் இதை ஒட்டியதுதான். "கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 பேர் குழுவாகச் சேர்ந்து, வந்த 5 லட்சத்தில் ரோட்டாவேட்டர் வாங்கினோம். முதல் மழை பெய்ததும் ஒரே நேரத்தில் முப்பது பேர் கேட்கிறார்கள். ஒரு காட்டைப் பாதி உழுததும் இன்னொருவர் வந்து இழுத்துப்போகிறார். கூட்டம் போட்டால் மூன்று மணி நேரம் ஓடுகிறது, தீர்மானம் போடுகிறோம், அடுத்த கூட்டத்திலும் அதே தீர்மானம்."

ஐயா, கூட்டத்தைக் குறையுங்கள். ஒரு பலகை மாட்டுங்கள். மந்தையிலோ டீக்கடைச் சுவரிலோ, எல்லார் கண்ணும் படுகிற இடத்தில். மூன்று கட்டம் போடுங்கள்: 'கேட்டவர்', 'ஓடுகிற காடு', 'முடிந்தது'. கேட்டவர் பெயர் கேட்ட வரிசையில் சீட்டாகத் தொங்கட்டும். நடுக் கட்டத்தில் ஓர் ஆணிதான் அடிக்க வேண்டும். ஓர் ஆணியில் ஒரு சீட்டுத்தான் தொங்கும். தொட்ட காட்டை முடித்து, சீட்டு மூன்றாம் கட்டத்துக்குப் போகாமல் அடுத்த சீட்டு நடுவில் வரக் கூடாது. எவ்வளவு பெரிய பண்ணைக்காரர் வந்தாலும் சரி. ஜப்பான்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் இதையே அட்டையிலும் திரையிலும் செய்கிறார்கள். பாதி உழுத மூன்று காட்டால் யாருக்கும் விதைப்பு இல்லை. முழுதாக உழுத ஒரு காட்டில் சாயங்காலமே விதை விழும்.

விதைப்பு நாட்களில் தினமும் காலையில் பலகைக்கு முன்னால் நின்றபடியே பேசுங்கள். நாற்காலி போட்டால் மறுபடி மூன்று மணி நேரம்தான். நேற்று எந்தக் காடு முடிந்தது, இன்று எது, எங்கே இடைஞ்சல் என்ற மூன்றைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். மழை வாராமல் ஏமாற்றினால் சீட்டு வரிசையை மாற்றலாமா, சரிவான காட்டுக்கு முன்னுரிமை உண்டா என்பதையெல்லாம் ஆவணியிலேயே, யாருக்கும் அவசரம் இல்லாதபோது பேசி முடியுங்கள். டீசல் கணக்கையும், சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் அதே பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பாதிச் சண்டை சாவியைப் பற்றித்தான் இருக்கிறது.